வெளுத்த சிவப்பு

நிறம் வெளுத்த பழைய சிவப்பு மாருதி 800 ஒன்று கையருகே இருந்தால், அதன் பானட்டின் மேல் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஓடிய தடமெல்லாம் சட்டென்று அடர்சிவப்பாகும். நனையாத இடம் மட்டும் வெளிறிய ரோஸ் நிறத்திலேயே இருக்கும். வெயில் அடித்தால் சில நிமிடங்களில் ஈரம் விளிம்பிலிருந்து உள்நோக்கிச் சுருங்கும். சுருங்கச் சுருங்க வெளிறலும் பின்னாலேயே வந்து மூடிக்கொள்ளும்.

பட்டறையில் பணம் கொடுப்பதற்கு முன் செய்துபார்க்க வேண்டிய முதல் சோதனை இதுதான். தண்ணீருக்கு நிறம் கிடையாது; அது சிவப்பைக் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சிவப்பு அங்கேயே இருந்தது. அது நம் கண்ணுக்குச் சுத்தமாக வந்து சேராதபடி ஏதோ ஒன்று குறுக்கே நின்றது. தண்ணீர் அந்தத் தடையைக் கொஞ்ச நேரத்துக்கு விலக்கியது. அந்தத் தடை எது என்று புரிந்துகொண்டால், எந்த வண்டியை மீட்கலாம், எதை மீட்க முடியாது, மீட்பதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதெல்லாம் வரிசையாக விளங்கிவிடும்.

ஒளி காற்றிலிருந்து பெயிண்டுக்குள் நுழையும்போது அதில் ஒரு சிறு பங்கு வாசலிலேயே திரும்பிவிடுகிறது. எவ்வளவு திரும்பும் என்பதை இரு பொருள்களின் ஒளிவிலகல் எண்கள் தீர்மானிக்கின்றன. காற்றுக்கு 1, பெயிண்டில் உள்ள பிசினுக்குச் சுமார் 1.5. இந்தக் கணக்குப்படி, நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு 4 பங்கு மேற்பரப்பிலேயே எதிரொளிக்கும். இந்த 4 பங்கு நிறமியைத் தொடவே இல்லை. ஆகவே வெள்ளையாக வந்த ஒளி வெள்ளையாகவே திரும்புகிறது. மீதி 96 பங்கு உள்ளே போய், நிறமித் துகள்களிடம் நீலத்தையும் பச்சையையும் பறிகொடுத்துவிட்டு, எஞ்சிய சிவப்பு மட்டும் வெளியே வருகிறது.

புது பெயிண்டில் அந்த வெள்ளைப் பங்கு முழுவதும் ஒரே திசையில் போகும். அந்தத் திசையில் கண்ணை வைத்தால் டியூப்லைட்டின் உருவம் கோடாகத் தெரியும். மற்ற எல்லாத் திசையிலும் கலப்பில்லாத சிவப்பு தெரியும். மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டால் அதே 4 பங்கு வெள்ளை ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது. எங்கிருந்து பார்த்தாலும் சிவப்போடு கொஞ்சம் வெள்ளை கலந்தே கண்ணுக்கு வருகிறது. சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரோஸ். ஆக, வெளுப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நிறம் குறைந்ததால் வந்ததல்ல. வேண்டாத வெள்ளை கூடியதால் வந்தது.

தண்ணீர் செய்ததும் இங்கே தெரிந்துவிடுகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. அது பள்ளங்களை நிரப்பியதும், சொரசொரப்பான எல்லை காற்றுக்கும் பெயிண்டுக்கும் நடுவே இல்லாமல் தண்ணீருக்கும் பெயிண்டுக்கும் நடுவே வந்துவிடுகிறது. அங்கே எதிரொளிப்பு ஆயிரத்துக்கு 4 பங்கைக்கூடத் தொடாது. முன்பு இருந்ததில் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. தண்ணீரின் மேல்மட்டமோ தானே வழவழப்பாக நிற்பது. எண்ணெயாக இருந்தால் இன்னும் பொருத்தம், ஏனென்றால் பெரும்பாலான எண்ணெய்களின் எண் 1.47க்குப் பக்கத்தில், பிசினோடு ஏறக்குறைய ஒட்டி நிற்கிறது. டீசலில் நனைத்த துணியால் லாரியையும் பஸ்ஸையும் துடைத்துப் பளபளப்பாக்கும் பழக்கத்தின் இயற்பியல் இவ்வளவுதான். விற்பனைக்கு நிற்கும் பழைய வண்டி காலையில் மட்டும் மினுமினுத்தால், ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவிட்ட பிறகு பார்க்கக் கேளுங்கள்.

எவ்வளவு வழவழப்பு இருந்தால் கண்ணாடிபோலத் தெரியும்? இதற்கு ராலே பிரபுவின் பெயரில் ஒரு விதி இருக்கிறது. மேடுபள்ளத்தின் உயரம், ஒளி அலையின் நீளத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். பச்சை ஒளியின் அலைநீளம் 550 நானோமீட்டர் என்று வைத்தால், வரம்பு 70 நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான். 70 நானோமீட்டர் என்பது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை வைத்துத் தடவினால் மழமழவென்று இருக்கிற பானட் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதில் வியப்பில்லை. விரலைவிடக் கண் அவ்வளவு நுணுக்கமான அளவுகோல்.

அதே விதியில் இன்னொரு செய்தியும் உண்டு. பார்வை சாயச் சாய வரம்பு தளர்ந்துகொண்டே போகும். மங்கிப்போன காரின் கூரையைக் கண்மட்டத்தில் குனிந்து, படுத்த கோணத்தில் பார்த்தால் அதில் வானம் தெரியும். பழைய வண்டி வாங்கப் போகிறவர் நிமிர்ந்து நின்று மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். பெயிண்ட் ஆய்வகங்களில் உள்ள பளபளப்புமானியும் 20, 60, 85 டிகிரி என்று கோணத்தைச் சொல்லித்தான் அளக்கிறது. நல்ல மெருகுள்ள பரப்பைச் சோதிக்க 20 டிகிரிதான் கறாரான கோணம்.

சரி, இந்தப் பள்ளங்களைத் தோண்டியது யார்? முதல் குற்றவாளி சூரியன். ஓசோன் படலம் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதாக் கதிர்களைத் தடுத்துவிடுகிறது; அதற்கு மேலே உள்ளவை நம்மிடம் வந்து சேர்கின்றன. 300 நானோமீட்டர் கதிரின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 400 கிலோஜூல். பெயிண்டின் பிசின் என்பது கார்பன் அணுக்கள் கைகோத்த நீண்ட பலபடிச் சங்கிலி. அதில் உள்ள கார்பன்–கார்பன் பிணைப்புகளை அறுக்க ஒரு மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் போதும். எல்லாக் கதிரும் எல்லாப் பிணைப்பையும் அறுத்துவிடாது, கதிரை உள்வாங்கும் மூலக்கூறு அங்கே இருந்தால்தான் வெட்டு விழும். ஆனால் விழுந்த ஒரு வெட்டு அதோடு நிற்பதில்லை. அறுந்த முனை, தனி உறுப்பு என்று வேதியியல் சொல்லும் துடிப்பான துண்டாகிறது. அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு பக்கத்துச் சங்கிலியைத் தாக்குகிறது. அது அடுத்ததை. சங்கிலி துண்டு துண்டாகி, சிறு துண்டுகள் ஆவியாகவும் மழையோடும் போய்விடுகின்றன. எஞ்சிய பிசின் சுருங்கி விறைத்து நுண்ணிய வெடிப்பு விடுகிறது.

எல்லாம் மேலே உள்ள சில மைக்ரானுக்குள் நடக்கிறது என்பதைக் கவனியுங்கள். வெயில்தான் காரணம் என்பதால் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரை, பானட், டிக்கி மூன்றும் முதலில் போகின்றன. கதவுகள் பல ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன. கதவைத் திறந்து உள்விளிம்பைப் பாருங்கள். வெயில் படாத அந்த மூன்று விரல் அகலத்தில் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய நிறம் அப்படியே இருக்கும். மீட்புப் பணியில் இலக்கு அதுதான். வேறு எந்த நிற அட்டையும் தேவையில்லை.

வெள்ளை அம்பாசடரின் கதை கொஞ்சம் வேறு. அரசு அலுவலக வாசல்களில் நின்ற அந்த வண்டிகளின் கூரையில் கையை வைத்தால் உள்ளங்கையில் வெள்ளை மாவு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைக்கு நிறம் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. உலகில் அதிகம் பயன்படும் வெள்ளை நிறமி இதுவே. இது வெறும் நிறமி மட்டுமல்ல. புற ஊதாக் கதிர் பட்டால் வினையூக்கியாகவும் மாறுகிறது. 1972இல் ஜப்பானின் அகிரா ஃபுஜிஷிமாவும் கெனிச்சி ஹோண்டாவும் இந்தப் பொருளின் மேல் ஒளி பாய்ச்சித் தண்ணீரையே ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துக் காட்டினார்கள். ஆய்வகத்தில் கொண்டாடப்பட்ட அந்தத் திறமைதான் காரின் கூரையில் கேடாகிறது. ஈரமும் ஆக்சிஜனும் இருக்க, துகளின் மேல் ஒளி பட்டதும் ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் பிறக்கின்றன. தன்னைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையே அவை கரைத்துத் தின்கின்றன. மழையில் மண் கரைந்தபின் மண்சுவரில் கற்கள் துருத்தி நிற்குமே, அப்படி நிறமித் துகள்கள் பிசின் இழந்து மேலே நிற்கின்றன. தொட்டால் உதிர்வது அவைதான்.

பெயிண்ட் தயாரிப்பாளர்கள் இதை வெகுகாலம் முன்பே உணர்ந்துவிட்டார்கள். டைட்டானியம் டை ஆக்சைடில் அனட்டேஸ், ரூட்டைல் என்று இரு படிக வடிவங்கள் உண்டு. அனட்டேஸ் வெயிலில் அதிகம் வேலை செய்யும், ரூட்டைல் சாது. அதனால் வெளிப்புற பெயிண்டுக்கு ரூட்டைலைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு துகளின் மேலும் அலுமினாவும் சிலிக்காவும் மெல்லிய உறையாகப் போர்த்துகிறார்கள். அப்படியும் பல ஆண்டு வெயில் தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் மாவு உதிரும் வெள்ளை வண்டியைக் கண்டு யாரும் மனம் தளர வேண்டாம். உதிர்ந்ததற்குக் கீழே இருப்பதும் அதே வெள்ளைதான், மேல்பகுதியை நீக்கினால் போதும்.

சிவப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சிவப்பு நிறமிகளில் பல, கார்பன் அடிப்படையிலான கரிம மூலக்கூறுகள். சிவப்பாகத் தெரிவதற்காக அவை ஆற்றல் மிகுந்த நீல, பச்சை ஒளியைத் தினமும் விழுங்கியாக வேண்டும். விழுங்கிய ஆற்றலை வெப்பமாக மாற்றி வெளியே தள்ளத் தெரிந்த மூலக்கூறு பிழைக்கும். தெரியாதது உடைந்து நிறமிழக்கும். 1958இல் டூபாண்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த குவினாக்ரிடோன் வகை நிறமிகள் வெயிலுக்கு நன்றாக நின்றன. மலிவான பழைய வகைகள் நிற்கவில்லை. அதனால் சிவப்பு வண்டியில் இரண்டு சேதமும் சேர்ந்தே இருக்கலாம்: மேற்பரப்பு சொரசொரத்தது ஒன்று, மேலடுக்கில் நிறமியே செத்தது மற்றொன்று. நனைத்துப் பார்க்கும் சோதனையில் நிறம் பாதிதான் திரும்புகிறது என்றால், மீதிப் பாதி நிறமியின் சாவு. அதற்கும் மருந்து அந்தச் செத்த அடுக்கை எடுப்பதுதான், அடியில் உயிருள்ள அடுக்கு மிச்சம் இருக்குமானால்.

எந்தப் பெயிண்ட் என்று அறியாமல் கை வைக்கக் கூடாது. அதற்குச் சற்றே வரலாறு வேண்டும். கார் பிறந்த காலத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய வார்னிஷைத்தான் காருக்கும் தூரிகையால் பூசினார்கள்; அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. ஃபோர்டின் மாடல் டி 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. 1920களின் நடுவில் டூக்கோ என்ற பெயரில் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் வந்து, வாரங்களை மணிக்கணக்காகச் சுருக்கியது. 1924ஆம் ஆண்டு மாடல் ஓக்லண்ட் கார்கள் நீல நிறத்தில் இதைப் பூசிக்கொண்டு தெருவுக்கு வந்தன. தெளித்துக் காய்ந்ததும் டூக்கோ மங்கலாகத்தான் இருக்கும். தேய்த்துத்தான் பளபளப்பு வர வேண்டும். இன்றும் பட்டறைகளில் புழங்கும் ரப்பிங் காம்பவுண்டுக்கு அன்று தொழிற்சாலையிலேயே வேலை இருந்தது. பிறகு ஆல்கைடு எனாமல், அக்ரிலிக், இரு பகுதி கலந்து பூசும் பாலியூரித்தேன் என்று வரிசையாக வந்தன. இவை எல்லாவற்றிலும் நிறமியும் பிசினும் ஒரே அடுக்கில் கலந்திருந்தன. 1980களில் உலகெங்கும் பரவிய முறையில் நிறம் கீழே ஒரு மெல்லிய அடுக்கு, அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்று இரண்டாகப் பிரிந்தது.

உங்கள் வண்டி எந்த வகை என்று அறிய ஆய்வகம் வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து, டிக்கியின் ஓரம் போன்ற மறைவான இடத்தில் நாலு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் ஒரே அடுக்கு. நிறமே ஏறாமல் அழுக்கு மட்டும் வந்தால் கிளியர் கோட். சிவப்பு வண்டியில் துணி ரத்தம் தோய்ந்தாற்போல் ஆவதைக் கண்டு வண்டிக்காரர்கள் பதறுவதுண்டு. பதற வேண்டியதில்லை; வெளியே வர வேண்டியது வருகிறது. ஆனால் அந்தத் துணியை மறக்கவும் கூடாது. தேய்ப்பு முடிந்ததும் துணியில் இருக்கிற சிவப்பு இனி வண்டியில் இல்லை.

தேய்த்தால் ஏன் பளபளப்பு வருகிறது என்ற கேள்விக்கு விடை சொல்ல அறிவியல் ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டு எடுத்துக்கொண்டது. நியூட்டன் தன் ஒளியியல் நூலில், மெருகேற்றுவது என்றால் பெரிய கீறல்களுக்குப் பதிலாகச் சிறிய கீறல்களைப் போட்டுக்கொண்டே போவது, கடைசியில் கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விடும் என்று கருதினார். 1901இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இதே பொருளில் உரையாற்றிய ராலே அதை ஏற்கவில்லை. நுண்ணோக்கியில் அவர் பார்த்த கண்ணாடிப் பரப்பில், மேடுகளின் உச்சியில் தோன்றிய சிறு தளங்கள் தொடக்கத்திலேயே முழு மெருகோடு இருந்தன. தேய்க்கத் தேய்க்க அவை அகன்றன, அவ்வளவே. கிளாஸ்கோவின் வேதியியலாளர் ஜார்ஜ் பெய்ல்பி, தேய்ப்பில் பொருள் திரவமாக இளகி ஓடிப் பள்ளங்களை மூடிக்கொள்கிறது என்றார்.

1937இல் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் பௌடனும் ஹியூஸும் அந்த யோசனையைச் சோதித்த விதம் அழகானது. கற்பூரம் மென்மையானது, ஆனால் சுமார் 178 டிகிரியில்தான் உருகும். சுமார் 70 டிகிரியில் உருகிவிடும் ஓர் உலோகக் கலவையை அவர்கள் கற்பூரத்தால் தேய்த்தார்கள், மெருகு வந்தது. அதிக வெப்பத்தில் உருகும் ஈயத்தில் வரவில்லை. எது கடினம் என்பதைவிட எது முதலில் இளகும் என்பதே முக்கியம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 1950களில் ஆஸ்திரேலியாவின் லெனர்ட் சாமுவேல்ஸ், உலோகங்களின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, மெருகிலும் நடப்பது நுண்ணிய செதுக்கல்தான் என்று காட்டினார். நியூட்டன் சொன்னதற்குப் பக்கத்தில் வந்து நின்றது கதை.

கார் பெயிண்டில் இரண்டுமே நடக்கின்றன என்று எடுத்துக்கொள்வது பொருத்தம். பெயிண்ட் உலோகமல்ல, சூட்டில் இளகும் பலபடி. காம்பவுண்டில் உள்ள அலுமினியம் ஆக்சைடு துகள்கள் செதுக்குகின்றன. உராய்வுச் சூடு மேற்பரப்பைச் சற்று இளக்கி ஒத்துழைக்கிறது. ஆனால் பொருள் போகாமல் மெருகு வருவதில்லை என்பதில் இன்று ஐயமில்லை. தேய்த்துப் பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேட்டை இறக்கத்தான் முடியும். இந்த அத்தியாயத்தில் வாசகர் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். பட்டறைப் பேச்சில் பாலிஷ் "போடுவது" என்று சொல்கிறோம். உண்மையில் எடுக்கிறோம்.

எடுக்கும் வேலையின் முதல் படி கழுவுவது. நிழலில், உலோகம் ஆறிய பிறகு. புறங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. துணி சோப்பும் பாத்திரம் தேய்க்கும் பவுடரும் வேண்டாம். கழுவிய பின் ஒரு பாலித்தீன் பைக்குள் கையை விட்டுப் பரப்பின் மேல் மெல்லத் தடவினால், வெறும் கைக்குத் தெரியாத மணல்மணலான உறுத்தல் விரலுக்குத் தெரியும். அவை பெரும்பாலும் பிரேக்கிலிருந்தும் ரயில் தண்டவாளத்திலிருந்தும் பறந்து வந்து புதைந்த இரும்புத் துகள்கள். கிளே பார் என்று விற்கும் களிமண் போன்ற கட்டியைச் சோப்புத் தண்ணீர் தெளித்து மேலே நகர்த்தினால் அவை கட்டியில் ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டால், பெயர்ந்த துகள்கள் தேய்க்கும் துணியில் மாட்டிக்கொண்டு புதுக் கீறல் போடும்.

அடுத்து, முழு வண்டியையும் தொடாமல், பானட்டின் ஒரு மூலையில் மாஸ்கிங் டேப்பால் ஒரு முழம் சதுரம் கட்டுங்கள். சோதனைக்கு எடுத்துக்கொள்வது இருப்பதிலேயே மென்மையான பாலிஷ். போதவில்லை என்றால்தான் காம்பவுண்ட். அதுவும் போதாத இடத்தில்தான் வாட்டர் பேப்பர். நம் பட்டறைகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: முதலிலேயே வாட்டர் பேப்பரை எடுத்துவிடுகிறார்கள். எண் 2000 பேப்பரின் துகளே சுமார் 10 மைக்ரான். அது போட்ட கீறலை எடுக்கவே கணிசமான பெயிண்ட் போய்விடும். நல்ல காம்பவுண்டின் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுணுகும். அதனால் தொடக்கத்தில் சற்று அழுத்தியும், வெள்ளைப் பசை மெல்லிய படலமாகத் தெளியும்போது அழுத்தத்தைக் குறைத்தும் தேய்க்க வேண்டும். டேப்பைப் பிரித்தெடுத்ததும் ஒரு பக்கம் ரோஸ், மறுபக்கம் சிவப்பு, நடுவே கத்தியால் கீறியதுபோல் நேர்க்கோடு. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகு எந்த விளக்கமும் வேண்டியதில்லை.

மிகப் பழைய, வறண்டுபோன ஒற்றை அடுக்குப் பெயிண்டுக்கு ஒரு பொறுமையான வழியும் உண்டு. எண்ணெய்ச் சத்து நிறைந்த, தேய்ப்புத் துகள் இல்லாத பாலிஷைத் தாராளமாகப் பூசி ஒரு இரவு ஊறவிட்டு, பிறகு மென்மையாகத் தேய்ப்பது. எண்ணெய் நுண்துளைகளுக்குள் போய் நிற்கிறது. முன்னே பார்த்த ஒளிவிலகல் கணக்குப்படி சிதறல் குறைந்து நிறம் ஆழமாகிறது. வறண்ட பரப்பு உதிராமல் தேய்ப்புக்கு ஈடுகொடுக்கிறது. பெயிண்டை மிகக் குறைவாக எடுக்கும் வழி இது. பழைய வண்டியை நேசிப்பவர்கள் இதையே முதலில் முயல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இயந்திரம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே அச்சில் சுழலும் பஃபிங் மெஷின் வேகமாக வெட்டும், வேகமாகவே சூடாக்கும். பானட்டின் மடிப்பு விளிம்பிலும் கதவின் ஓரத்திலும் பெயிண்ட் இயல்பாகவே மெல்லியது. மெஷினின் முழு அழுத்தமும் அங்கே ஒரு கோட்டில் விழுகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் ப்ரைமர் பல்லிளிக்கும். விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிட்டு அவற்றைக் கையால் தேய்ப்பதே பாதுகாப்பு. சுழன்றுகொண்டே அலைந்தாடும் இரட்டை அசைவு மெஷின் மெதுவானது, மன்னிக்கும் குணமுடையது. பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு பெயிண்டுகளில் ஈயக் குரோமேட் வகை நிறமிகள் இருந்திருக்கலாம். ஆகவே எந்தச் சூழலிலும் காய்ந்த நிலையில் உரசித் தூள் பறக்கவிடக் கூடாது. ஈரத்தோடு தேய்த்து, முகக்கவசம் அணிந்து, குழந்தைகளை விலக்கி வைக்க வேண்டும்.

எவ்வளவு எடுக்கலாம்? தொழிற்சாலைப் பூச்சின் மொத்தத் தடிமன், துருத்தடுப்பு அடுக்கு, ப்ரைமர் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள். கிளியர் கோட் உள்ள வண்டியில் அந்த மேலடுக்குக்கு 35 முதல் 50 மைக்ரான்தான் பங்கு. பலமான ஒரு காம்பவுண்ட் தேய்ப்பு அதில் சில மைக்ரானை எடுத்துவிடும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு ஒருமுறை காம்பவுண்ட் போட்டே தீர வேண்டும் என்று வண்டியை விடுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். இரும்புத் தகட்டின் மேல் வைத்தால் பூச்சின் தடிமனைக் காட்டும் கையடக்கக் கருவி கிடைக்கிறது. அது 80 காட்டும் இடத்தில் பாலிஷோடு நிறுத்துங்கள். பல நூறு காட்டினால் அங்கே ஏற்கெனவே பட்டி வைத்து மறுபூச்சு அடித்திருக்கிறார்கள்.

கிளியர் கோட் சாகும் விதமே வேறு. அதற்குள் புற ஊதாக் கதிரை விழுங்கி வெப்பமாக்கும் மூலக்கூறுகளையும், பிறக்கும் தனி உறுப்புகளை அடக்கும் அமைன் வகை நிலைப்படுத்திகளையும் கலந்திருப்பார்கள். அவை இருக்கும் வரை வண்டி ஆண்டுக்கணக்கில் புதிதாகவே தெரியும். அவை மெல்ல மெல்லத் தீர்கின்றன. தீர்ந்ததும் கதிர் தடையின்றி உள்ளே ஊடுருவி, கிளியர் கோட்டும் நிற அடுக்கும் ஒட்டியிருக்கும் எல்லையைத் தாக்குகிறது. மேலிருந்து தேய்வதற்குப் பதிலாக அடியிலிருந்து கழன்று, வெள்ளைத் திட்டுத்திட்டாகத் தோல் உரிகிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சில கார்களில் செலவைக் குறைக்க ப்ரைமர் அடுக்கைத் தவிர்த்தார்கள்; ஒளி நிற அடுக்கைக் கடந்து, வெயில் தாங்காத எப்பாக்ஸி அடிப்பூச்சைத் தொட்டது. பெயிண்ட் தாள் தாளாகப் பறந்தது. இப்படி உரிந்த இடத்தை நனைத்தாலும் நிறம் ஓரளவு திரும்பும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். விளிம்பில் நகம் மாட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டினால் அங்கே தேய்க்க எதுவும் இல்லை.

நிழலில் நன்றாகத் தெரிந்து, இரவில் தெருவிளக்கின் கீழ் மட்டும் சிலந்தி வலையாகக் கீறல் தெரிகிற வண்டி உண்டு. கீறல்கள் வட்டமாக இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்கைச் சுற்றி அமைந்த கோணத்தில் இருப்பவை மட்டுமே ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் தெரிகிறது. நாம் நகர்ந்தால் வட்டமும் கூடவே நகரும். புழுதியைக் காய்ந்த துணியால் துடைப்பதுதான் இவற்றின் தாய். தண்ணீர் விடாமல் துடைக்கவே கூடாது.

மெழுகு இதற்கெல்லாம் கடைசியில் வருவது. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையில் படிகிற கார்னாபா மெழுகு 82 முதல் 86 டிகிரியில்தான் உருகும். தேன்மெழுகு 62–64 டிகிரியிலேயே உருகிவிடும். மே மாத வெயிலில் அடர்நிறக் கூரை 70 டிகிரியைத் தாண்டக்கூடிய ஊரில் இந்த வித்தியாசம் முக்கியம். மெழுகு நிறத்தை மீட்பதில்லை. மிச்சமிருக்கும் நுண்கீறல்களை நிரப்பி, தண்ணீரை உருண்டோடச் செய்கிறது, அதுவும் சில மாதங்களுக்கே. மங்கிய பரப்பின் மேலேயே விலை உயர்ந்த செராமிக் பூச்சை அடிப்பது மங்கலைப் பத்திரப்படுத்தி வைப்பதாகும்.

சென்னையில் போர்த் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் காயவிடும் வண்டிகளில் தனியாக ஒரு பிரச்சினை. தண்ணீர் போய், அதிலிருந்த கால்சியம் உப்பு வட்டவட்டமாக நிற்கும். தொடக்கத்தில் என்றால், தண்ணீர் கலந்த வினிகர் தொட்ட துணியில் கரைந்துவிடும். விட்டுவைத்தால் பாலிஷ்தான் வேண்டும். பறவை எச்சத்துக்கும் அவசரம் உண்டு. வெயிலில் பெயிண்ட் இளகி விரிய, எச்சம் மேலே காய்ந்து இறுகுகிறது. மாலையில் பெயிண்ட் சுருங்கும்போது அந்த இறுகிய வடிவத்தையே தன்மேல் பதித்துக்கொள்கிறது. ஈரத்துணியை மேலே சில நிமிடம் போட்டு ஊறவைத்து எடுத்துவிட்டால் தடமில்லை.

கூரையோ பானட்டோ மீட்க முடியாமல் போய், அந்த ஒரு பகுதியை மட்டும் புதிதாக அடிக்க நேர்ந்தால், பெயிண்டரிடம் விடும் முன் பக்கத்து ஃபெண்டரையும் கதவையும் பாலிஷ் செய்துவிடுங்கள். வெளுத்த ஃபெண்டரைப் பார்த்து நிறம் கலந்தால், நாளை அதைப் பாலிஷ் செய்யும்போது புதுப் பானட் மட்டும் வெளிறித் தனித்து நிற்கும். கதவின் உள்விளிம்பைக் காட்டி அங்கே உள்ள நிறத்தைக் கலக்கச் சொல்லுங்கள். பெயிண்ட் அடிக்கப்போகும் நாளுக்கு முன் வண்டியில் சிலிக்கான் கலந்த பாலிஷ் எதுவும் பட்டிருந்தால் அதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும். அதன் சுவடு துளி இருந்தாலும் புதுப் பெயிண்ட் அங்கே ஒட்டாமல் மீன்கண் அளவில் குழி குழியாக விலகும். ஒருமுறைக்கு இருமுறை கரைப்பானால் துடைத்து எடுத்த பிறகுதான் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் எடுக்க முடியும்.